தள்ளுவதற்கு நாலு பேர்

வண்டியைக் கிளப்புகிற ஹேண்டிலை ஏழாவது தடவை சுற்றியபோது அது திருப்பி அடித்தது. ஸ்தனிஸ்லாஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்தார். கார் அவரைப் பார்த்தது. இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

அவர் பேசாததில் ஆச்சரியமில்லை. முப்பத்தொரு வருஷம் தந்தி ஆபீஸில் வேலை. ஊர்க்காரர்கள் சொல்ல வந்ததையெல்லாம் வெட்டி, ஒடித்து, எட்டு வார்த்தைக்குள் அடக்கி அனுப்பியவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பால்காரனிடம் "வேணாம்" என்பார். இன்றைக்கு வேண்டாமா, இனிமேலேயே வேண்டாமா என்பதைப் பால்காரன் யூகித்துக்கொள்ள வேண்டும்.

அன்று 1946 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். பத்து மணிக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். அங்கேதான், தன் பிறந்த வீட்டுக்காரர்களோடு, ஸ்தனிஸ்லாஸின் மனைவி ஆனி படுத்திருந்தாள். "ஒரு நாளாவது நம்ம வண்டியிலயே என்னை எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று இருபது வருஷம் கேட்டவள். "நாளைக்கு" என்று இருபது வருஷம் பதில் சொன்னார். கடைசியில் அவள் கீழ்ப்பாக்கம் போனது வேறு வண்டியில்.

அவள் இருந்தவரை கார் ஓரளவு ஒழுங்காகத்தான் ஓடியது. அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து அதுவும் துக்கம் காக்கிற மாதிரி தானாகக் கிளம்புவதை விட்டுவிட்டது. போன வருஷத் திருநாளுக்கு லஸ் முனையோடு நின்றுபோனது. இந்த வருஷம் அவர் விடுவதாக இல்லை. மூன்று மாச ரேஷன் கூப்பன் பெட்ரோலைச் சேர்த்து வைத்திருந்தார்.

"இன்னா ஐயா, இன்னிக்கும் அடம் புடிக்குதா?"

மீன்கூடையோடு லூர்துமேரி வந்து நின்றாள். தினமும் சாந்தோம் கோயிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு, அதே நடையில் மீன் விற்க வருகிறவள். இடுப்பில் ஒரு சின்ன பாட்டில் எப்போதும் இருக்கும். சாமியார் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம்.

"ம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"டிராம்ல போயேன்."

"வண்டி."

"வண்டிலதான் போவியா? அப்ப மாதா பாத்துக்கட்டும்." பானட்டின் மேல் தீர்த்தம் தெளித்து ஒரு சிலுவை போட்டாள். பிறகு கார் ஷெட்டுக்குப் பின்னால் குடியிருந்த பூனைக்கு மீன்தலை வைக்கப் போனாள். அதுவும் தினசரி வழக்கம்தான்.

மழைக்காலம், பிளக்கெல்லாம் ஈரமாகியிருக்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் முடிவுக்கு வந்தார். நாலு பிளக்கையும் கழற்றி, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதில் வைத்து வறுத்தார். இரண்டு வருஷமாக அந்தக் கல்லில் வேறு எதுவும் வேகவில்லை. சூடு ஆறுவதற்குள் அவசரமாகத் திருப்பி மாட்டினார். எந்த ஒயர் எந்த பிளக்குக்கு என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

ஸ்டார்ட்டரை அமுக்கினார்.

டமால்!

சைலன்ஸர் கழன்று வாசலில் உருண்டது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் இடுப்புக் குடத்தை நடுத்தெருவில் போட்டாள்.

"ஐயையோ, ஜப்பான்காரன் மறுபடியும் வந்துட்டானா! சண்டை முடிஞ்சிபோச்சின்னாங்களே!"

"வண்டி" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"குண்டு போட்டாக்கூட சங்கு ஊதிட்டுத்தான் போடுவாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே மெக்கானிக் மெஹபூப் அலி பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி. செத்துடுச்சு. வா."

"உங்க வண்டி சாவாத நாளு எது சாப்?" என்று வாயைக் கொப்பளித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மெஹபூப் அலி பானட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளிப் இரண்டையும் தட்டி மூடியைக் கழற்றினார். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டு அனுப்புகிற மூடி அது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு. போன மாசம்தானே சுத்தமா சொரண்டிக் குடுத்தேன்? இந்த மூடி இன்னா, உப்பளமா?"

"கடல் காத்து" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"ஏன் சாப், கடல் காத்து உங்க வண்டிக்குள்ள மட்டுந்தான் பூருமா? பக்கத்துல டாக்டரு வண்டி ஜோரா ஓடுதே!"

லூர்துமேரி பூனையை ரொம்ப அக்கறையாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உப்பைச் சுரண்டி, ஒயர்களை வரிசைப்படி மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மணி ஒன்பது. அதற்குள் பாட்டரி படுத்துவிட்டது. காலையிலிருந்து ஸ்டார்ட்டரை அவர் அமுக்கிய அமுக்கு அப்படி.

"தள்ளணும்" என்றார் மெஹபூப் அலி.

ஸ்தனிஸ்லாஸுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை அது. தள்ள வேண்டுமென்றால் ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் பேச வேண்டும். குப்பத்துப் பக்கம் போய், வலை உலர்த்திக்கொண்டிருந்த தேசப்பன் முன்னாலும் ரங்கன் முன்னாலும் நின்று தொண்டையைச் செருமினார்.

"தெரியும் சாரு, தள்ளணும். இதுக்குன்னே நேத்து கடலுக்குப் போவல" என்றான் ரங்கன். "போன வருசம் லஸ் வரிக்கும் தள்னோம். இந்த வருசம் எதுவரிக்கும்?"

"கீழ்ப்பாக்கம்."

"யம்மாடி! அதுக்கு சாரையே தூக்கிக்கினு போய்டலாம் நைனா" என்று தேசப்பனைப் பார்த்தான்.

தள்ளினார்கள். கச்சேரி ரோடு திரும்புமுன் இஞ்சின் இருமி, உறுமி, உயிர் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மெஹபூப் அலி பானட்டை ஓங்கிச் சாத்தினார். எங்கேயோ ஒரு ஒயர் நசுங்கியது. ஹாரன் கத்த ஆரம்பித்தது.

நிற்கவேயில்லை. பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போய்க்கொண்டிருந்த ஜனமெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தது.

"யோவ், படுத்துக்கினு கீறவங்களயெல்லாம் எழுப்பவா போறீங்க?" என்று ஒருவன் கத்தினான்.

மெஹபூப் அலி பதறிப்போய் ஒரு ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. இஞ்சினும் நின்றது.

"தப்பு ஒயரு சாப்."

மறுபடி தள்ளல். லஸ்ஸில் ரேடியேட்டர் கொதித்தது. டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு மெஹபூப் அலி தீர்மானமாகச் சொன்னார். "இனிமே எங்கயும் நிறுத்தாதீங்க. நின்னா தள்ளணும். தள்றதுக்கு ஆளு கூடவே இருந்தாகணும்."

தேசப்பனும் ரங்கனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்கள். மெஹபூப் அலி முன்னால் ஏறினார். கூடவே நடந்து வந்திருந்த லூர்துமேரி, "எனக்கு மட்டும் வழி உடமாட்டீங்களா?" என்று கூடையோடு நுழைந்தாள். கார் முழுக்க வஞ்சிரம் மணத்தது.

ஸ்தனிஸ்லாஸ் போட்டிருந்த கணக்கே வேறு. தனியாகப் போக வேண்டும், தனியாக நிற்க வேண்டும், ஆனிக்கென்று எட்டு வார்த்தை யோசித்து வைத்திருந்தார், அதைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது பின்சீட்டில் கடலில் தொலைந்த வலையைப் பற்றிச் சண்டை. மெஹபூப் அலி, தன் மனைவி ஹாஜிரா பீ சமைக்கிற மீன் குழம்புக்கு ஊரில் ஈடில்லை என்றார்.

எழும்பூர் தாண்டியபோது ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார்.

"ஆனி வஞ்சிரம் வறுத்தா தெருக்கோடி வரைக்கும் மணக்கும். கடைசித் துண்டு எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருப்பா. அவ சாப்பிட்டாளான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

பதினேழு வார்த்தை. அவரே எண்ணிப் பார்த்து பயந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி தானாகவே கடைசி மூச்சை விட்டபோது மணி பன்னிரண்டேகால். கூட்டம் கலைந்திருந்தது. சாமியார் போய்விட்டார். எல்லாக் கல்லறையிலும் மெழுகு உருகி வழிந்திருந்தது. ஆனியின் கல்லறையில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஸ்தனிஸ்லாஸ் அதன் முன்னால் போய் நின்றார். யோசித்து வைத்த எட்டு வார்த்தையில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

தேசப்பன் பக்கத்துக் கல்லறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி முனையைக் கடன் வாங்கி ஏற்றினான். ரங்கன் புல்லைப் பிடுங்கினான். மெஹபூப் அலி தொப்பியைச் சரி செய்துகொண்டு, கைகளை ஏந்தி, தன் வழியில் எதையோ முணுமுணுத்தார். லூர்துமேரி பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். மிச்சமிருந்த நாலு சொட்டுத் தீர்த்தம் கல்லின் மேல் விழுந்தது.

"ஆனி" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "வண்டியிலயே வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "லேட்" என்றார்.

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது.

"உங்க எல்லாருக்கும் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிட்டு மேற்கு மாம்பலம் போயிடறேன். அங்க கடல் காத்து கிடையாது, உப்புப் பூக்காது. வண்டி தானா கெளம்பும். இனிமே யாரையும் கூப்பிட வேண்டியதில்ல."

ரங்கன் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மெஹபூப் அலி இருமினார்.

லூர்துமேரி காலிப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்லறையை ஒரு தடவை பார்த்தாள், என்னை மன்னிச்சிடு என்கிற மாதிரி.

"மாம்பலம்லாம் போவாத ஐயா. அது கடல் காத்து இல்ல, என் தீர்த்தந்தான். 'வண்டி தானா கெளம்பிச்சின்னா அந்த மனுசன் ஒருத்தரண்டயும் வாயத் தொறக்க மாட்டாரு, தெனம் அந்த மூடியக் கழட்டி ரெண்டு சொட்டு வுடுடீ, தள்றதுக்காவது நாலு பேரக் கூப்புடட்டும்'னு சாவறப்ப என் கையப் புடிச்சிக்கினு சொன்னது, தோ, இங்க படுத்துக்கினு கீதே, இந்தம்மாதான்!"