கட்டத்துக்கு வெளியே எழுதியவை செல்லா

பிழை என்பதையே அறியாத மனிதர்கள் இவ்வுலகில் மிகச் சிலரே ஆவர். அவர்களுள் ஒருவர், மங்கா எனப்படும் ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருபத்தாறு ஆண்டுகளாக வீற்றிருப்பது அவ்விதழ் செய்த தவப்பயனாகும். அவருடைய மேசையின் வலப்புறத்தில் ஓர் அளவுகோல் எப்போதும் இருக்கும். எதனையும் அளந்த பின்னரே அவர் வாசிப்பார். அளவு சரியாக இருந்தால் பல சமயம் வாசிக்கவும் மாட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது புதியவராயிருந்த ஓவியர் ஒருவரின் முதல் தொடரை ஒன்பதே வாரங்களில் நிறுத்திய பெருமை இவரையே சாரும். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் பற்றிய தொடர் அது. ஒன்பதாம் வாரத்தில் கதாநாயகர் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அப்பக்கங்களில் ஷாம்பு விளம்பரம் வந்தது. கதாநாயகர் இன்றளவும் உள்ளேயே இருக்கிறார்.

இதற்கிடையில் அந்த ஓவியர் வேறோர் இதழில் வரைந்த தொடரால் ஊரறிந்த பெண்மணியாகிவிட்டார். எனவே அவருடைய முதல் தொடரை நூலாக்குவதெனவும், ஆசிரியரின் ஆய்வுரையை அதற்கு முன்னுரையாக்குவதெனவும் முடிவாயிற்று. ‘குறைநிறை ஆய்வுக் கூட்டம்’ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடியது. ஆசிரியர், விற்பனை மேலாளர், ஓவியர் ஆகிய மூவரும், ஓடாத மின்விசிறி ஒன்றும் கலந்துகொண்டனர்.

ஆசிரியர் கனைத்துக்கொண்டார். அவர் கையிலிருந்தது, தொடரை நிறுத்தியபோது அவரே எழுதிய ஏழு குறைகளின் பட்டியல். எதனையும் வீணாக்காத பண்பாளராதலின், தலைப்பை மட்டும் ‘நிறைகள்’ என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்.

“நிறை ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே முகம். மனுஷ குலம் ஒண்ணுதான்னு எவ்வளவு நாசூக்கா சொல்லியிருக்கீங்க.”

“அப்ப எனக்கு ஒரு மூஞ்சிதான் சார் வரைய வரும்” என்றார் ஓவியர்.

“நிறை ரெண்டு. பின்னணியே கிடையாது. வெட்டவெளியின் மௌனம்.”

“நாலு ஜன்னல் போடறதுக்குள்ள வாரம் முடிஞ்சிரும் சார்.”

“நிறை மூணு. நாலாவது வாரத்துல கதாநாயகனுக்கு இடது கையில ஆறு விரல். உழைக்கிறவனுக்கு இருக்கிற கை போதாதுங்கிற சமூக விமர்சனம்.”

“அது கண்ணு சொக்கிப் போட்டது. தப்பு. புக்குல திருத்திடறேன்.”

“திருத்தறதா?” விற்பனை மேலாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அந்த விரலைத்தாம்மா அட்டையில போடறோம்.”

ஓவியர் தம் பழைய பக்கங்களைப் புரட்டினார். பிறகு, “நல்லா வந்தது ஒண்ணு இருக்கு சார். அஞ்சாவது வாரம். லிஃப்ட் கூரை மேல உக்காந்து அவர் சாப்பிடுவாரு. ரெண்டு பக்கம், பேச்சே கிடையாது. வேலைக்கு வராத கூட்டாளிக்குன்னு பாதியை டப்பா மூடியில எடுத்து வச்சிட்டுச் சாப்பிடுவாரு” என்றார்.

ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். “இதுல இல்லையேம்மா.”

“அன்னிக்கு அது உங்களுக்குக் குறையாப் படல போலிருக்கு.”

இந்நிலையில்தான் ஓவியர் தம் நிபந்தனையை முன்வைத்தார். “பத்தாவது வாரத்தை நான் வரைஞ்சு தர்றேன். அந்த மனுஷன் வெளிய வரணும். அது இல்லாம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஐயையோ, ஏழாவது நிறையே அதுதாம்மா. முடிவே இல்லாம முடிச்ச துணிவு.”

“நான் எங்க சார் முடிச்சேன்? நீங்கதானே முடிச்சீங்க.”

“அந்தத் துணிவைத்தான் சொல்றேன்.”

“எதுக்கு நிறுத்தினீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல.”

“வாசகர் தீர்ப்பும்மா. ஒரு ஓட்டுகூட விழல” என்ற ஆசிரியர், ஆதாரமின்றிப் பேசுபவர் அல்லர் என்பதால், பழைய கோப்பை எடுத்துவந்து மேசையில் வைத்து அவிழ்த்தார்.

உள்ளிருந்து அஞ்சலட்டைகள் சரிந்தன. பிடித்த தொடருக்கு வாசகர்கள் குறியிட்டு அனுப்புவதற்காக இதழோடு வரும் அட்டைகள் அவை. ஒவ்வொன்றிலும் எட்டுத் தொடர்களுக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. லிஃப்ட் தொடரோ ஒன்பதாவது. புதுக் கட்டம் சேர்க்க எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே வாசகர்கள் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ‘செல்லாது’ என்று ஆசிரியர் தம் கையாலேயே முத்திரை குத்தியிருந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு முத்திரைகள், ஒன்றுகூடக் கோணவில்லை.

ஓவியர் ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். “ ‘ஆறு விரல் தப்பு. பரவாயில்லை. அவருக்கு மூச்சு முட்டுமே, சீக்கிரம் கதவைத் திறங்க.’ ” இன்னொன்றை எடுத்தார். “ ‘எங்கப்பாவும் லிஃப்ட் ரிப்பேர்தான். அவர் தினமும் கேக்கறார், ஆள் வெளிய வந்தாச்சான்னு.’ ”

“கட்டத்துக்கு வெளிய இருக்கிறதை நான் படிக்கிறதில்லம்மா” என்றார் ஆசிரியர் பெருமிதத்தோடு. “இருபத்தாறு வருஷமா அதுதான் என் கொள்கை.”

விற்பனை மேலாளர் அட்டைகளைத் தடவிப் பார்த்தார். “இத்தனை பேரு வாங்கறதுக்குக் காத்திருந்திருக்காங்க. பத்தாவது வாரத்தைப் போட்டுருங்கம்மா.”

ஏழாவது நிறை பறிபோனதால் ஆசிரியரின் முகம் தொங்கிப்போயிற்று. அவரை அப்படியே விட்டுச்செல்ல ஓவியருக்கு மனம் வரவில்லை.

“முன்னுரைக்குப் பதிலா அந்தப் பக்கத்தை நான் வடிவமைச்சுத் தர்றேன் சார். ரெண்டு கட்டம். இந்த முன்னூத்திப் பன்னெண்டு பேரும் மேல ஒரு கட்டத்துல, பொடி எழுத்துல. கீழ உங்க பேரு மட்டும் தனிக் கட்டத்துல, பெரிய எழுத்துல.”

“எவ்வளவு பெருசு?”

“ஸ்கேல் வச்சுப் பாத்துக்கோங்க.”

அச்சுப்படி வந்தது. ஆசிரியர் இரு கட்டங்களையும் நான்கு பக்கமும் அளந்தார். கட்டங்களுக்கு உள்ளே இருந்ததை எழுத்து விடாமல் வாசித்தார். ‘சரி’ என்று கையொப்பமிட்டார்.

நூல் வெளிவந்தது. பத்தாம் வாரத்தில் கதவு திறந்தது. மனிதர் மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்து, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்.

ஆசிரியர் நூலை வீட்டுக்கு எடுத்துச்சென்று, முன்னுரைப் பக்கத்தைத் திறந்து மனைவியின் மடியில் வைத்தார்.

“உங்க பேரு மட்டும் தனியா, பெருசா இருக்கே” என்றார் மனைவி.

“அனுபவத்துக்கு மரியாதை.”

“ஓரத்துல ரெண்டு தலைப்பு இருக்கு. பாத்தீங்களா?”

“கட்டத்துக்கு வெளிய இருக்கிறதை நான்...”

“தெரியும், தெரியும். நானே படிக்கிறேன்.” அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மேல இருக்கிறவங்களுக்கு ‘நிறைகள்’னு போட்டிருக்கு. உங்களுக்கு ‘குறை’.”

ஆசிரியர் அளவுகோலை எடுத்து மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தார். கட்டத்தில் எந்தப் பிழையும் இல்லை. பிழை முழுவதும் கட்டத்துக்கு உள்ளேயே ஒழுங்காக அடங்கியிருந்தது.