ஒத்த ஸ்டார் கிழித்த தீக்குச்சி

இணையத்தில் வந்த திட்டுக்குப் பதில் சொல்ல பஸ் ஏறிப் போன ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் ஆரணியில்தான் இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அமெரிக்காவில்கூட அப்படி ஒரு பைத்தியம் கிடையாது.

பட்டுப்புடவைக் கடை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் பார்த்த காலம் அது. அவர் அங்கே பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். செல்போனில் யாராவது கடையைத் திட்டி எழுதிவிட்டால் முதலாளிக்கு அன்று சோறு இறங்காது. "யோவ், ஊரெல்லாம் தெரிஞ்சவன் நீதான். இனிமே கடைப் பேரைப் பாத்துக்கறது உன் வேலை" என்று ஒருநாள் அவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். 'ஒத்த ஸ்டார்' என்று நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்.

கண்ணமங்கலத்து டீச்சர் ஒருவர் புடவையில் சாயம் போகிறது என்று எழுதியிருந்தார். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அடித்துக் காட்டினேன்.

"இன்னா சார், நன்றின்னு போட்டா போன சாயம் திரும்பி வந்துடுமா?"

பில்லில் இருந்த முகவரியோடும் ஒரு ஜாங்கிரிப் பொட்டலத்தோடும் பஸ் ஏறிவிட்டார். டீச்சர் பயந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. இவர் ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஜாங்கிரியைக் கம்பிக்குள் ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் ஒரு நட்சத்திரம் கூடியிருந்தது. ஜாங்கிரிக்காக இருக்கும்.

சேத்துப்பட்டில் ஒரு பெரியவர், கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று திட்டியிருந்தார். அங்கே போனவர் வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பினார். "சோறு போட்டாரு சார், ஸ்டாரு போடல."

அப்புறம் வந்தது தேவிகாபுரம். கல்யாணப் பெண் ஒருத்தி, சுத்தப் பட்டு என்று சொல்லிக் கலப்படத்தை விற்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். "நம்ம கடையா? சான்ஸே இல்ல" என்று கொதித்துப்போய்க் கிளம்பினார். அவள் வீட்டு வாசலில், அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சி கிழித்தார். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் உதிரும். இது பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டது. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"மொதலாளி, அந்தப் பொண்ணு சொல்றது நெசங்க. வேற பொடவை குடுத்துட்டு, தப்பு நம்மளுதுன்னு போட்டுடலாங்க."

"போட்டா கடைய மூடிகினு போவ வேண்டிதுதான்!" முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ ஜல்தியா ஒரு அம்பது பேர்ல நல்லதா எழுது."

எழுதினேன். கூச்சநாச்சமே இல்லாமல் எழுதினேன்.

அதற்குள் அந்தப் பெண்ணின் எதிர்வீட்டுக்காரர் எடுத்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. ஓர் ஆள் புடவை அருகே தீக்குச்சி கிழிக்கிறார். அதில் இருந்தது அவ்வளவுதான். 'குறை சொன்ன பெண்ணை மிரட்ட ஆள் அனுப்பிய கடை' என்று தலைப்பு வேறு. அந்தப் பெண்ணே, 'ஐயோ, அவர் மன்னிப்புக் கேட்க வந்தவர்' என்று கீழே எழுதினாள். யார் படித்தார்கள்? கடைக்காரன் அவளையும் சரிக்கட்டிவிட்டான் என்றார்கள்.

"ஒரே பேஜாராப் போச்சு. அந்த ஆளுக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு போட்டுடு, போட்டோவோட" என்றார் முதலாளி. போட்டேன். அவருடைய முழுப் பெயரையும் போட்டேன். உடனடி நடவடிக்கை என்று பாராட்டி, கடைக்கு ஐந்து ஐந்தாக நட்சத்திரம் குவிந்தது. நாசமாய்ப் போக!

மறுநாள் அவர் வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று அறிவிப்பைப் படித்து முடித்தார். நான் நிமிரவில்லை.

"சார், அந்தப் பொண்ணுக்கு வேற பொடவை அனுப்புனாங்களா?"

"இல்லண்ணே."

"கல்யாணம் நெருங்கிகினு கீதே, சார்" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் எந்தக் கடையிலும் அவரைச் சேர்க்கவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் செல்போனை நீட்டி, "இது நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்களாம். நான் வேலையை விட்ட அன்றைக்கு அந்த அறிவிப்பை அழித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். என்ன பிரயோஜனம்? யார் யாரோ அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் பெயரைத் தட்டினால் இன்றும் அதுதான் முதலில் வருகிறது.

அவர் யாரையும் மிரட்டவில்லை ஐயா, மன்னிப்புக் கேட்கத்தான் போனார். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். நான் ஒரு தடவை எழுதியதே அந்த மனுஷனுக்குப் போதும்.