கீழே குஞ்சு, மேலே போ

ஆகாயத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறவளைப் பற்றி ஊரில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இருக்காது. நான் போட்டிருக்கிறேன். அதுவும் கோழி ஷெட்டின் கூரைமேல் ஏறி, தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்போடு, முட்டை லாரிக்காரர்கள் செல்போனில் படம் பிடிக்கப் பிடிக்கப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வருத்தம் மட்டும் துளிகூடக் கிடையாது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் குஞ்சு ஷெட்டை என்னிடம் ஒப்படைத்தார். (பி.காம். படித்த மருமகளுக்குப் பண்ணைக்காரர்கள் கொடுக்கும் அதிகபட்ச மரியாதை அது.) கூண்டில் ஏற்றும் வயது வராத குஞ்சுகள் அங்கே உமிமேல் ஓடித் திரியும். அவற்றிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். பயந்துவிட்டால் மொத்தமும் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

அந்தப் பங்குனியில்தான் விமானங்கள் வர ஆரம்பித்தன. ராணுவச் சரக்கு விமானம். சாம்பல் நிறம், உப்பிப்போன வயிறு. கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்கி, தென்னை மட்டையைச் சீவிவிடுகிற உயரத்தில் எங்கள் பண்ணைமேல் போகும். தாழப் பறந்து பழகுகிறார்களாம். பழகட்டும், நாட்டுக்கு நல்லதுதான். அதற்கு என் கூரைதான் கிடைத்ததா? (பைலட்டுக்கு மீசை இருந்தது என்று நான் சொல்வதை என் கணவர் இன்றுவரை நம்பவில்லை.) முதல் தடவை ஒரு கூடைக் குஞ்சு செத்தது. அடுத்த வாரம் இன்னொரு கூடை. உடம்புச் சூடு ஆறாத குஞ்சுகளைக் கையில் அள்ளும்போது எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மாமனார் வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். கூடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா இந்த ஷெட்டை மூடிரலாம் சாமி. வளந்த கோழியா வெலைக்கு வாங்கிக்கலாம்."

ஷெட்டை மூடினால் எனக்கு மிஞ்சுவது அடுப்படிதான். விட்டுவிடுவேனா? மனு எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகப் படித்தார்.

"ஏனுங்கம்மா, நெலத்துல தகராறுன்னா வந்து அளந்து குடுத்தர்றோம். மேல போறதை நாங்க எப்படிங்க அளக்கறது?"

வீடு திரும்பும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்த யோசனை வந்தது. கோடையில் வெயிலுக்காக ஷெட் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எப்படியும் அடிக்கப்போகிற சுண்ணாம்பு, எழுத்தாக இருந்துவிட்டுப் போகட்டுமே! மேலே இருப்பவனிடம் நேராகவே சொல்லிவிடலாம். 'கீழே குஞ்சு. மேலே போ.'

கணவர் தலையைச் சொறிந்தார். "அவனுக்குத் தமிழ் தெரியோணுமே புள்ள?"

"நம்ம ஊட்டு மேல பறக்கத் தெரியுதில்லீங்க? படிக்கவும் தெரிஞ்சுக்கட்டும்."

"செரி, 'போ'ன்னா மரியாதையில்லாம இருக்குது. 'போங்க'ன்னாச்சும் எழுது."

"ரெண்டு கூடைக் குஞ்சைக் கொன்னவனுக்கு 'ங்க' ஒண்ணுதான் கொறைச்சல்!"

மறுநாள் காலை ஏணி வைத்து ஏறினேன். சிமெண்ட் ஷீட்டில் நேராகக் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ வேண்டியதுதான். பலகை போட்டு, அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்து எழுதினேன். கடைசி 'போ'வுக்குத் துணைக்கால் போட்டுக்கொண்டிருக்கிறேன், மலைப்பக்கம் உறுமல் கேட்டது.

தலைக்குமேல் போனது. பலகை அதிர்ந்தது. போனவன் போய்விட்டான் என்று நான் மூச்சு விடுவதற்குள், தூரத்தில் அது சாய்ந்து திரும்புவது தெரிந்தது. இதற்கு முன்னால் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. இம்முறை இன்னும் தாழ வந்தது. கூரை உச்சியைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்தேன். வாளி கவிழ்ந்து சுண்ணாம்பு முழுவதும் என் தலைமேல் இறங்கியது. கீழே முட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"எதுக்குங்கண்ணா இவன் திரும்பித் திரும்பி வாரான்?" என்று ஒரு குரல்.

"தமிழ் தெரியாதவனாட்ட இருக்குது," என்றார் டிரைவர். "எழுத்துக்கூட்டிப் படிக்கறான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் காலுக்குக் கீழே ஷெட்டுக்குள் குஞ்சுகள் கத்துகின்றன. கணவர் உள்ளே ஓடி, மூலையில் குவிந்தவற்றை இரண்டு கையாலும் பிரித்து வீசிக்கொண்டிருக்கிறார். நானோ இறங்க வழியில்லாமல் மேலே கிடக்கிறேன். மூன்றாம் முறை அது வந்தபோது பயமெல்லாம் போய்விட்டது. எழுந்து நின்று, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை ஆட்டி, எனக்குத் தெரிந்த வசவு அத்தனையையும் வைதேன். (தெரியாதவை சிலவும் வந்தன.) அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, அவ்வளவு தாழத்தில், அது இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போனது.

"அக்கா, உங்களுக்கு வணக்கம் சொல்றானுங்க!" என்று டிரைவர் கை தட்டினார்.

மாமனார் மொபெட்டில் வந்து இறங்கும்போது நான் ஏணியடியில் நின்றிருந்தேன். கண் இரண்டைத் தவிர உடம்பெல்லாம் வெள்ளை. பக்கத்தில் செத்த குஞ்சுகள், கூடை நிறைய. அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏணியில் பாதி ஏறிக் கூரையைப் பார்த்தார். ஷெட் கையை விட்டுப் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அவர் வாய் திறக்கும்முன் அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எழுத்து சின்னதாப் போச்சு சாமி," என்றார். "அதான் படிக்கறதுக்கு எறங்கி வாரான்."

நான் வாயைப் பிளந்தேன்.

"நம்மகிட்ட நாலு ஷெட் இருக்குதில்ல? ஷெட்டுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு. அங்கிருந்தே தெரியட்டும்."

அடுத்த நாளே எழுதினோம். முதல் ஷெட்டில் 'கீழே', இரண்டாவதில் 'குஞ்சு', மூன்றாவதில் 'மேலே'. நாலாவது ஷெட்டின் நீளம் முழுக்க 'போ' ஒன்றுதான். கணவர் கீழேயிருந்து கடைசி முயற்சி செய்தார். "அப்பா, 'ங்க' போடறதுக்குத் தாராளமா எடம் இருக்குதுங்க."

"எடம் இருக்குது," என்றார் மாமனார். "மனசு இல்ல."

அதற்குப் பிறகு விமானங்கள் எட்டாத உயரத்தில்தான் போயின. பயிற்சி முடிந்திருக்கும் என்பார் கணவர். படித்துவிட்டார்கள் என்பேன் நான். ஷெட் இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த நாலு வார்த்தையைப் புதுப்பிக்கிறோம். கல்யாண வீடுகளில் என்னை, "பைலட்டுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த மருமக" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள்.

போன மாதம் மகளின் பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள். பக்கத்துக்கு நாலு வரிதான் எழுதுகிறாளாம், அவ்வளவு பெரிய எழுத்து. ஏன் என்று டீச்சர் என் முன்னாலேயே கேட்டார்.

"சின்னதா எழுதினா நீங்க பக்கத்துல வந்து படிப்பீங்க மிஸ்," என்றாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

எழுத்தைக் குறைக்கப் பழக்குங்கள் என்று டீச்சர் என்னிடம் சொன்னார். சரிங்க என்று தலையாட்டினேன். வரும் வழியில் அவளுக்கு இன்னும் இரண்டு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.