வேலிக்கு எழுதிய என்.சி.

2006 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். 5.35க்குக் காபி. 5.50 முதல் 6.15 வரை சைக்கிள் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். 6.20க்குப் பின்கதவைத் திறந்தபோது என் சொந்த நிலத்தின் குறுக்கே முள்கம்பி வேலி நின்றது.

டைரியில் அடுத்த வரியில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: ‘சேஃப்டி’.

அது என் பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். இந்தப் பூமியில் இனி ஒருவரும் விபத்தில் சாகக் கூடாது என்று தனியாளாகத் தீர்மானித்து, அந்தப் பணியை மத்திகிரியில் எங்கள் தெருவிலிருந்து தொடங்கியவர்.

அவர் வீட்டுக்குள் மஞ்சள் பெயின்டில் இரண்டு கோடுகள் ஓடும். அவற்றுக்கு இடையே நடந்துதான் அவர் மனைவியே சமையலறைக்குப் போக வேண்டும். கேஸ் சிலிண்டரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். வாராவாரம் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். வாசலில் செருப்பு விடக் கட்டங்கள் உண்டு, கட்டத்துக்கு எண் உண்டு. என் எண் பதினொன்று. ஒருமுறை மறதியாகப் பன்னிரண்டில் விட்டுவிட்டு உள்ளே போனேன். பேச்சை நிறுத்தி, எழுந்து வந்து, மாற்றி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

ராயக்கோட்டையில் ஒரு கல்யாணம். கெட்டிமேளத்துக்குக் கை தூக்கப் போகிற நேரம். இவர் எழுந்து நின்றார்.

“ஒரு நிமிசங்க. இந்த மண்டபத்துல வெளிய போற வழி ரெண்டு. மேடைக்கு எடது பக்க வழிய சேர் அடுக்கி அடைச்சிருக்காங்க. அதை எடுத்துட்டுத் தாலி கட்டுங்க.”

எடுத்தார்கள். அவசரத்தில் மாப்பிள்ளையும் ஒரு கை பிடித்தார்.

இன்னொரு சனிக்கிழமை மாலை விசில் ஊதித் தெரு முழுவதையும் வேப்பமரத்தடிக்கு ஓட வைத்தார். தீ விபத்து ஒத்திகை. நான்கு நிமிடம் பத்து விநாடி ஆனது. கடைசியாக வந்த கோடி வீட்டு வாத்தியார் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“சார், உயிரு பெருசா, டி.வி. பெருசாங்க?”

“உயிரோடதானேப்பா தூக்கிட்டு வந்திருக்கேன்?”

சேஃப்டி சிறிது யோசித்து, அதையும் குறித்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் என் நிலத்தில் வேலி போட்டிருந்தார். அது எட்டடி அகலம், அறுபதடி நீளமுள்ள ஒரு பாதை. பட்டா என் பெயரில். ஆனால் பின்னால் இருக்கும் கௌரம்மாவின் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. ‘ஆள் நடக்கவும் மாடு கன்று ஓட்டவும் பாத்தியம்’ என்ற வாசகத்தோடுதான் நான் வாங்கினேன். நிலம் என்னுடையது, வழி கௌரம்மாவுடையது. சேஃப்டிக்கு அதில் ஓர் அங்குலம்கூடக் கிடையாது.

கௌரம்மா தெலுங்கில் மாட்டைக் கொஞ்சி, கன்னடத்தில் மனிதர்களைத் திட்டி, தமிழில் பால் விற்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடுகளோடு நின்றிருந்தார்.

“ஏனு சார் இது? நிலம் உங்களுது, வேலி அவருது. என் மாடு என்ன பறந்து போவுமா?”

வேலியில் ‘மாற்று வழி’ என்று ஒரு பலகை கட்டியிருந்தது. அதிலிருந்த அம்புக்குறி சேஃப்டியின் சொந்த முற்றத்தைக் காட்டியது. இடைச் சுவரில் ஒரு கதவளவுக்குக் கல்லைப் பெயர்த்து வழியும் விட்டிருந்தார். கௌரம்மா பால் கேனோடு போய்விடலாம். மாடு போக வேண்டுமே. முற்றத்தில் டைல்ஸ். கறுப்பு மாடு ஒரு காலை வைத்தது, வழுக்கியது, பின்வாங்கியது, மஞ்சள் கோட்டின்மேல் சாணி போட்டது. சேஃப்டி உள்ளேயிருந்து வந்து, சாணியைச் சுற்றி நான்கு சிவப்புக் கூம்புகளை வைத்துவிட்டுப் போனார்.

“தம்பிக்கு போன் போட்டுட்டேன் சார்” என்றார் கௌரம்மா. “நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத் தேன்கனிக்கோட்டைல இருந்து டிராக்டர் எடுத்துட்டு வர்றான். வேலியும் போவும், போட்டவனும் போவான்.”

அவருடைய தம்பியைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் செய்கிற உடம்பு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீதி இருந்தது. அதற்குள் கௌரம்மாவுக்கு வழி திறக்க வேண்டும். சேஃப்டியின் எலும்பும் முழுசாக இருக்க வேண்டும்.

பத்திரத்தின் நகலோடு போனேன். செருப்பைப் பதினொன்றில் விட்டேன். அவர் நான்கு பக்கத்தையும் படித்தார்.

“பத்திரம் கரெக்டுங்க சார். நான் குத்தம் சொல்லல.”

“அப்ப வேலிய எடுங்க.”

“வாயால சொல்றது ரெக்கார்டு ஆவாதுங்க. நானும் எதையும் மூணு தடவைக்கு மேல வாயால சொல்றதில்ல. எழுத்துல குடுங்க.”

வக்கீல் நோட்டீஸைச் சொல்கிறார் என்று கோபத்தோடு திரும்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் வேறொன்று தோன்றியது. நானும் தொழிற்சாலைக்காரன்தான், உற்பத்தித் திட்டப் பிரிவில் பதினான்கு வருடம். அந்த வருடங்களில் ஓசூரில் மனிதர்கள் போலீஸைவிட ஒரு காகிதத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள். அதன் பெயர் என்.சி. தணிக்கைக்கு வருகிறவர் முறைப்படி இல்லாத ஒன்றைக் கண்டால் எழுதித் தரும் சீட்டு அது. வாங்கியவர் ‘ஏன்’ என்று தன்னையே ஐந்து முறை கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுதித் தர வேண்டும்.

கார்பன் வைத்து எழுதினேன். ‘என்.சி. எண் 1. பிறர் நிலத்தில், பாத்தியமுள்ள வழியில், அனுமதியின்றி வேலி. பதில் தர வேண்டிய நேரம்: இன்று மாலை ஐந்து.’

சேஃப்டி அதை இரண்டு கையாலும் வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது. “மேஜரா, மைனரா சார்?”

“மேஜர்.”

“மேஜர்தாங்க” என்று ஒப்புக்கொண்டு, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். 11.40.

மாலை 4.35க்கு ஃபைலோடு வந்தார். நான் படிக்கும்வரை நின்றே இருந்தார்.

‘1. வேலி ஏன்? அவ்வழியே ஆளும் மாடும் போவதால்.

2. போனால் ஏன் கூடாது? பாதையின் அடியில் நில உரிமையாளரின் தண்ணீர் சம்ப் உள்ளது. அதை மூடிய கல் பலகையில் விரிசல்.

3. உரிமையாளரிடம் ஏன் சொல்லவில்லை? மூன்று முறை சொல்லப்பட்டது.

4. நான்காம் முறை ஏன் சொல்லவில்லை? கம்பெனியில் ஒரு பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு வைக்கும்படி மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான்காம் முறை சொல்லலாம் என்று இருந்த அன்று ஆபரேட்டருக்கு இரண்டு விரல் போயிற்று.

5. இதற்கு மேல் கேட்க “ஏன்” இல்லை.’

நான் உள்ளே போய் டைரியை எடுத்தேன். ஜனவரியில் இருந்தது: ‘சேஃப்டி சொன்னார்: சம்ப் கல்லில் விரிசல். பார்க்க வேண்டும்.’ மார்ச்சிலும் இருந்தது. ஏப்ரலில் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு இருந்தது. கையெழுத்து மூன்றிலும் நன்றாகவே இருந்தது.

கடப்பாரையோடு பாதைக்குப் போனேன். கல்லின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு உள்ளே விழுந்தது. கொஞ்சம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இதன்மேல்தான் தினமும் இரண்டு மாடும் கௌரம்மாவும் போய்வந்தார்கள். காலையில் டிராக்டர் வேறு.

கௌரம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ஓட்டையை எட்டிப் பார்த்தார். பிறகு தம்பிக்கு போன் போட்டார்.

“டிராக்டர் பேடாடா, வேணாம். கல்லு தூக்க ரெண்டு ஆளை மட்டும் கூட்டிட்டு வா. ஆறு மணிக்கே வா.”

சேஃப்டியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க வந்தது வேறு.

“அந்த ஆபரேட்டர் இப்ப எப்படி இருக்கார்?”

“டைம் ஆபீஸ்ல போட்டிருக்காங்க சார். எடது கையால எழுதப் பழகிட்டான்.” கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “என்னப் பார்த்தா இன்னும் வணக்கம் சொல்றான். அதாங்க சார் முடியல.”

மறுநாள் காலை 5.55க்குப் பின்கதவைத் திறந்தேன். சேஃப்டி கம்பியை எல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு நின்றிருந்தார். பக்கத்தில் கௌரம்மாவின் தம்பியும் இரண்டு ஆட்களும் மஞ்சள் ஹெல்மெட்டோடு, யாரிடமோ திட்டு வாங்கிய முகத்தோடு நின்றார்கள். நான் கடப்பாரையை எடுக்கக் குனிந்தேன்.

“இருங்க சார்.”

இன்னொரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். தாடைக்கு அடியில் வாரை இழுத்தார். ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை, கொஞ்சம் தளர்த்தினார். மறுபடி பார்த்தார். திருப்தி வரும்வரை நானும் கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். திங்கட்கிழமை காலை செய்த முதல் வேலை அதுதான்.