எத்தனை சாரின் இருபத்தாறு சொற்கள்

இந்தச் சென்னையில் எதைச் சொன்னாலும், சொன்னது என்ன என்று பார்க்காமல், அதில் எத்தனை சொல் என்று பார்த்த ஒரே மனிதர், நாங்கள் 'எத்தனை சார்' என்று பெயர் வைத்திருந்தவர்தான். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் போஸ்டர், மருந்துச் சீட்டு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வீட்டில் மாமி திட்டுவதைக்கூட எண்ணிவிட்டு வருவார். "இன்னிக்கு நூத்தி நாப்பது. நேத்தைக்கு இன்னும் ஜாஸ்தி" என்று, காய்ச்சல் இறங்கியவர் போல நிம்மதியாகச் சொல்வார்.

நான் எட்டாவதோடு ஓடிவந்தவன். வடபழனி டிப்போவில் படுத்து, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இரும்பு தேய்த்து, கடைசியில் அடையாறில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்க உட்கார்ந்தேன். எத்தனை சார் மயிலாப்பூர்க்காரர். ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டு, 'எண்ணி' என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தார். ஃபைலை அதன்மேல் இழுத்துப் போட்டால் எத்தனை சொல் என்று காட்டும். வேறு எதுவும் செய்யாது. அதைப் பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடை கடையாக ஏறி இலவசமாகக் கொடுப்பார்.

எங்கள் முதலாளி பயந்தார். "ஓசின்னா வைரஸ் இருக்கும் சார்."

"எழுதினது நான் ஓய். எனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை."

ஒருநாள் மாலை மூன்றரை மணிக்கு குமுதா கடைக்குள் ஓடிவந்தாள். ஆற்றோரக் குடியிருப்பு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. அவர்கள் வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பப் போகிறார்கள். அவள் கணவனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீட்டில் நோயாளி இருந்தால் பக்கத்திலேயே வீடு கேட்டு மனு போடலாம். முந்நூறு சொல்லுக்குள் டெக்ஸ்ட் ஃபைலாக அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அன்று ஐந்து மணியோடு கடைசி.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தாள். அடித்தேன். கடையில் உட்கார்ந்திருந்த எத்தனை சார் அதை எண்ணியில் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு.

"வெட்டணும்" என்று என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். "'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' எதுக்கு? 'கேட்கிறேன்' போறும்."

"தாழ்மைய எட்த்துட்டா திமிர் புட்ச்சவன்னு நென்ச்சுக்குவாங்க சார்."

"ரெண்டு சொல் மிச்சம்மா. இந்தப் பக்கத்து வீட்டு சரசு யாரு?"

"நான் டூட்டிக்குப் போய்க்கினு இருக்கசொல்லோ அவதான் என் வூட்டுக்காரருக்குக் கஞ்சி ஊத்துறா."

"ஒம்பது" என்றார். சரசு போனாள். வெயில் போனது, மழை போனது, கால் வீங்கியது போனது. நான்கு நாற்பதுக்குச் சரியாக முந்நூறு. ஏற்றினேன். 'சொல் வரம்பு மீறப்பட்டுள்ளது' என்று சிவப்பில் வந்தது. எவ்வளவு மீறியது என்று சொல்லவில்லை.

"அவாளுக்கு எண்ணத் தெரியலை" என்றார் சார். பத்து வெட்டினோம். எண்ணி இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. ஏற்றினேன். சிவப்பு.

குமுதா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நைனா இது? எளுதினதுல பாதி கூட இல்ல. இன்னும் இன்னாத்த வெட்டுவ, என் பேரையா?"

இன்னும் ஒன்பது வெட்டினோம். இருநூற்று எண்பத்தொன்று. சிவப்பு. மணி நான்கு ஐம்பத்து மூன்று. எத்தனை சாருக்கு வேர்த்துக் கொட்டியது. "என் எண்ணிக்கை தப்பாது, தப்பாது" என்று ஜபம் மாதிரி முணுமுணுத்தார். அதுவரை நான் திறந்து வைத்த விண்டோவிலேயே வெட்டி வெட்டி சேவ் செய்துகொண்டிருந்தேன். அவசரத்தில் கை தவறி அதை மூடிவிட்டேன். மறுபடி திறந்தபோதுதான் குமுதாவின் பெயருக்குக் கீழே வேறு ஏதோ இருந்தது.

'இக்கோப்பிலுள்ள சொற்கள் 281. இவற்றை எண்ணித் தந்தது எண்ணி. இது முற்றிலும் இலவசம். இதற்காக யாரும் யாருக்கும் பணம் தரவேண்டாம். இதைத் தாங்களே செய்ததாகத் தி.நகரில் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். இப்படிக்கு, செய்தவர், மயிலாப்பூர்.'

"சார், இது யார் அடிச்சது?"

எத்தனை சார் எழுந்து நின்றுவிட்டார். "நேத்திக்குத்தான் சேர்த்து, எல்லாக் கடையிலயும் போட்டேன். தி.நகர்ல ஒருத்தன் தன்னோடதுன்னு சொல்லிண்டு திரியறான். அந்தக் கோபத்துல... எண்ணி முடிச்சதும் அதுவா அடியில ஒட்டிக்கும்." ஊரார் சொல்லையெல்லாம் எண்ணியவர், தன்னுடைய இருபத்தாறை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

குமுதா அவரையே பார்த்தாள். "என் சரசுவ தூக்கிட்டு உன் ரோதனைய எளுதி வெச்சியா சார்?"

அவர் தானே குனிந்து அந்த வரிகளை அழித்தார். "இன்னும் பத்தொம்பது சொல் இடம் இருக்கு. சொல்லுங்கோம்மா, சீக்கிரம்."

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள், மூடினாள். நான்கு ஐம்பத்தாறு. பிறகு சொன்னாள்: "நாங்க போவமாட்டோம்னு சொல்லல. ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ல போய்வர்ற தூரத்துல ஒரு வூடு குடுங்க." அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், சார் விரலை மடக்கினார்.

பழக்க தோஷம், ஃபைலை எண்ணியின் மேல் இழுக்கப் போனேன்.

"எண்ணாதே!" என்று அலறினார். "எண்ணினா மறுபடியும் ஒட்டிண்டுடும். பதினொண்ணுதான். அனுப்பு!"

நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை வந்தது. குமுதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சில மாதம் கழித்து அவளுக்கு இரண்டாவது மாடியில் வீடு கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்தான்.

மறுநாளிலிருந்து எத்தனை சார் ஒவ்வொரு கடையாக ஏறி, அந்த இருபத்தாறு சொற்களை எண்ணியிலிருந்து எடுத்தார். என் விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். தி.நகரில் அந்தப் பேர்வழி, "இது நான் செஞ்சது சார், கை வெக்காதீங்க" என்று கம்ப்யூட்டரை மறைத்து நின்றான். எனக்குக் கை துறுதுறுத்தது. எத்தனை சார் பவ்யமாக, "ரொம்ப நன்னா பண்ணியிருக்கேள். சின்னதா ஒரு பிழை இருக்கு, சரி பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டார். பண்ணியும் கொடுத்தார். வெளியே வந்து, "அவன்கிட்டயும் ஒரு குமுதா வருவா இல்லையா" என்றார்.

நான் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியவன் இல்லை. அந்தக் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். சம்பளம் ஏறவில்லை, ஃபேனும் ஓடவில்லை. காலையில் பத்து மணிக்கு அவர் வருவார், அவ்வளவுதான்.