எலிகளை முன்னிட்டு ஒரு கல்யாணத்தை நிறுத்துவது

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவியும் மகளும் நலம். மகள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வீட்டில் குறை ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் அடுத்த மாதம் வைத்திருக்கும் கல்யாணத்தை நாம் நிறுத்திவிட வேண்டும். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் மகன் தங்கமான பையன், அவன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. சிக்கல் எலிகளால் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நாளெல்லாம் மனைவியின் வாயில் விழ வேண்டாமே என்று, ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வளர்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன் அல்லவா? தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாட்டுவது, கூண்டுக்கு மரத்தூள் மாற்றுவது, இவ்வளவுதான் என் வேலை. எல்லாம் நாக்கவுட் எலிகள் என்றார்கள். குத்துச்சண்டை பழகியவையோ என்று பயந்து முதல் வாரம் கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு போனேன். அப்புறம்தான் அங்கே உள்ள விஞ்ஞானி அம்மா விளக்கினார். எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருமாம். இவர்கள் வேண்டுமென்றே ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்து, அது இல்லாமல் எலிக்கு என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு வம்சத்துக்குக் காது கேட்காது. ஒரு வம்சம் தின்று தின்று பந்தாகிவிடும். இன்னொரு வம்சம் வேலைவெட்டி இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உங்களையும் என்னையும் போல நன்றாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டை ஜோடி சேர்த்தால்தான் குட்டிகளில் நாலில் ஒன்று மாட்டிக்கொள்ளும். "அந்த மாதிரி ரெண்டு எங்கேம்மா கிடைக்கும்?" என்று கேட்டேன். "சொந்தத்துக்குள்ளயே ஜோடி சேர்த்தா சுலபமா கிடைச்சிடும்ங்க" என்றார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அப்போதுதான் கீழே போட்டேன்.

அன்றிலிருந்து நம் குடும்பம் எனக்குக் கூண்டு கூண்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். அக்காவுக்கும் எனக்கும் பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க முடியாது. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். எங்களுக்குள் ஏதோ ஒரு மரபணு கோளாறாகி ஒற்றைப் பிரதியாக உட்கார்ந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம். அது அக்கா வழியாக உங்கள் மகனுக்கும் என் வழியாக என் மகளுக்கும் இறங்கியிருந்தால், நாளைக்குப் பிறக்கும் பேரப்பிள்ளை கூடத்தில் வட்டம் சுற்றும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவு செய்யக்கூடாது என்பதால் போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தபோது நாங்கள் எலிகளுக்குச் செய்கிற சோதனைகளையே அவனுக்கும் செய்தேன். முதலில் அவன் காபி குடிக்கும்போது பின்னால் போய் நின்று இரண்டு தட்டுகளை ஓங்கித் தட்டினேன். காபி முழுக்கச் சட்டையில். காது நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது சமநிலை. அங்கே எலியை உருளும் கம்பிமேல் நிற்கவைப்பார்கள். வீட்டில் அது இல்லாததால் காலி சிலிண்டரைப் படுக்கப்போட்டு, "மாப்ளே, இதுமேல ஏறி நில்லு பார்ப்போம்" என்றேன். "எதுக்கு மாமா?" என்றான். "சும்மாதான்டா." பிள்ளை மரியாதைக்கு ஏறினான். படியில் வழுக்கியதாக உங்களிடம் சொல்லியிருப்பான். அது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். கட்டுப்போட்ட காலோடு சோபாவில் கிடந்தவனுக்கு மகள் தண்ணீர் கொடுக்க வந்தாள். கூண்டில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். "அப்பா, நாங்க என்ன உங்க எலியா?" என்று கத்தினாள். நாலில் ஒன்று கணக்கைச் சொன்னேன். "இவரை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம், போங்க" என்று அழுதுகொண்டே உள்ளே போனவள்தான், இன்றுவரை பேச்சில்லை. விஞ்ஞானி அம்மாவிடம் சொன்னேன். "மனுஷங்களை எலியோட சேர்க்காதீங்க. சந்தேகம்னா ரெண்டு பேரும் ஒரு டாக்டரைப் பார்க்கட்டும்" என்றார். படித்தவர்கள் யார் மனமும் நோகாமல்தான் பேசுவார்கள். நான் உள்ளர்த்தத்தைப் புரிந்துகொண்டேன்.

ஆகவே நீங்கள் பெரிய மனது பண்ணிக் கல்யாணத்தை நிறுத்தச் சம்மதிக்க வேண்டும். அக்காவிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மருமகன் சீக்கிரம் காலை ஊன்றி நடக்கட்டும். நீங்கள் அனைவரும் மரபணுக்களின் இரண்டு பிரதியும் பழுதில்லாமல் நீண்டகாலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரி. உங்க அக்காவை உங்கம்மா எடுத்து வளர்த்தாங்கன்னு நீங்கதானே கல்யாணமான புதுசுல எனக்குச் சொன்னீங்க?" என்றாள். வாஸ்தவம்தான். பிள்ளை இல்லையே என்று அக்காவைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தார்கள். அதற்கு அப்புறம்தான் நான் பிறந்தேன். உங்களுக்கும் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லித்தான் கொடுத்தோம். எலிக் கணக்குப்படி உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன், மனசு வரவில்லை. மேலே எழுதியது எதையும் அக்காவிடம் சொல்ல வேண்டாம், அத்தான். அக்கா எடுத்து வளர்த்த பிள்ளை என்பதே எனக்கு அடியோடு மறந்து போயிருந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்.