கவுன்சிலர் குரலில் ஒரு பள்ளம்

வாட்ஸப்பில் 'டிலீட் ஃபார் மீ' என்பதை அழுத்தினால், உலகத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் அந்தச் செய்தி அழிந்துவிடும் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியவன் நான். (படித்தது எம்.காம். மேற்கொண்டு கேட்காதீர்கள்.)

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே கழிவுநீர்க் குழாய் வேலைக்கென்று பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். பள்ளம் தங்கிவிட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பலகை மேல நடந்து வரணும்னா, நான் அந்தப் பள்ளத்துலயே இறங்கி உக்காந்துடுவேன்" என்றாள் மனைவி வசந்தா. செய்யக்கூடியவள்.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. கவுன்சிலரும் அதில் இருந்தார். நாங்கள் பள்ளத்தின் படம் போடுவோம். அவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுவார். ஜனநாயகம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அன்வர் பாய், பள்ளத்தில் ஒரு தவளை குடியேறிய படத்தைக் குழுவில் போட்டார். பால்ய சிநேகிதர், சிரிக்கட்டுமே என்று அந்தப் படத்தைத் தொட்டு, கவுன்சிலரின் கரகரத்த குரலில் பதில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். (குரல் மாற்றிப் பேசுவது கல்லூரியில் நான் ஒழுங்காகக் கற்ற ஒரே வித்தை.)

"இன்னா நைனா, ஒரு பள்ளத்துக்குப் போயி பயந்துக்கினு கீற? நாளைக்குக் காலீல பத்து மணிக்கு நானே வந்து நின்னு மூடறேன். சொன்னா செய்வேன்ல."

படத்தைத் தொட்டுப் பதில் சொன்னால் அதைப் போட்டவருக்கு மட்டும்தான் போகும் என்பது என்னுடைய இன்னொரு நம்பிக்கை. போனது தெரு முழுக்க. குழுவில் கும்பிடும் கைகள் குவிவதைப் பார்த்ததும் பதறிப்போய் 'டிலீட் ஃபார் மீ'யை அழுத்தினேன். குரல் மறைந்தது. நிம்மதியாகக் காபி கேட்டேன்.

கைகள் நிற்கவில்லை. 'கவுன்சிலரையே பிடித்துப் பேச வைத்த ரகு சாருக்கு நன்றி.' (ரகு நான்தான்.) 'பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுங்க.' ஒருவர் மாலைக்குச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

"நான்தான் அழிச்சிட்டேனே, இவங்கல்லாம் எப்படிக் கேக்கறாங்க?"

நித்யா என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, உனக்கு மட்டும் அழிச்சிருக்க. ஊருக்கே இருக்கு. இனிமே நீ நெனச்சாலும் எடுக்க முடியாது."

"நான்தான் பேசினேன்னு எழுதிடுங்க" என்றாள் வசந்தா.

"எழுதினா அவரு பள்ளத்தை இன்னும் அகலமாக்கிடுவாரு."

அதற்குள் அன்வர் பாய் பலகையைத் தாண்டி வந்துவிட்டார். "மச்சி, போலீஸ் வந்தா உன்னை நான் பாத்ததே இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் பத்து மணிக்குத் தெருவே பள்ளத்தைச் சுற்றி நின்றது. நான் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். கவுன்சிலர் காரிலிருந்து இறங்கினார். விடிந்ததிலிருந்து நன்றி சொல்லியே அவரை எழுப்பிவிட்டார்களாம். கைப்பேசியைக் காதில் வைத்து அந்தக் குரலைக் கேட்டார். நெற்றியைச் சுருக்கி மறுபடியும் கேட்டார். தொட்டிக்குள் நான் நுழைய முடியுமா என்று மூடியின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுன்சிலர் தன் உதவியாளரிடம் திரும்பினார்.

"எப்ப சொன்னேன்னு நெனப்பு இல்லப்பா. ஆனா கொரல் என்னுதுதான். சொல்லிக்கீறேன். காண்ட்ராக்டரக் கூப்புடு."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார். "சார், கீழ வாங்க. நேத்து நாம எங்க பாத்தோம்?"

"நீங்க... கொஞ்சம் அவசரத்துல இருந்தீங்க சார்."

"அதான் பாத்தேன்" என்று தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அந்தப் படத்தில் நான் பலிக்கு நிற்கிற ஆடு மாதிரியே இருக்கிறேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது செய்து முடிக்கிறேன் என்று சொன்னால், வசந்தா சமையலறையிலிருந்து கேட்பாள்: "இதை நீங்க சொல்றீங்களா, கவுன்சிலர் சொல்றாரா? அவர் சொன்னா நம்பலாம்." மாப்பிள்ளை உடனே அந்தக் குரலை ஓடவிடுவார். சம்பந்தி வீடு வரைக்கும் எல்லார் கைப்பேசியிலும் அது இருக்கிறது. இல்லாதது என்னுடையதில் மட்டும்தான்.

பள்ளத்தைச் சனிக்கிழமை சாயங்காலமே மூடிவிட்டார்கள்.